அறுபத்திரண்டு மீட்டர்

நேர்வழி எது என்று
சட்டம் சொல்லவில்லை; சக்கரம் சொல்லும்.
கைப்பிடி வைத்த அளவுச்சக்கரத்தை உருட்டிக்கொண்டு
கல்பூக்கோ ஊரின் மேட்டில் ஏறுகிறேன்.
ஜூலை, இங்கே கடுங்குளிர். காலை ஆறரை, கும்மிருட்டு.
மழை மேலிருந்து பெய்யவில்லை,
கடல் பக்கமிருந்து வருகிறது.

எர்மிந்தா கார்க்கமோ, நாற்பத்தேழு வயது.
சால்மன் ஆலையில் முள் பிடுங்கும் வரிசை.
வலது மணிக்கட்டில் இரண்டு முறிவு.
வீட்டு வாசலிலிருந்து ஆலைக் கதவுவரை
எங்கே விழுந்தாலும் எங்கள் கணக்கு.
வழி விலகி விழுந்தால் அவள் கணக்கு.

நேராகப் போனால் ஆயிரத்து நூற்று நாற்பது.
ரொட்டிக்கடை வழியாக ஆயிரத்து இருநூற்று இரண்டு.
விழுந்தது கடையின் மரப்படியில்.
பையில் அரைக்கிலோ ரொட்டி, இன்னும் சூடாக.
ரசீதில் ஆறு ஐம்பத்திரண்டு.
ரசீது கிடைத்துவிட்டால் என் வேலை சுலபம்:
சொந்தக் காரியம், சின்னக் கட்டம், ஒரு டிக்.

நேற்று அவள் சமையலறையில் கேட்டேன்,
ரொட்டி வாங்கத்தானே அந்தப் பக்கம் போனீர்கள்?
அடுப்பில் ஈர விறகு புகைந்தது.
சும்மா போய் நிற்க முடியுமா, என்றாள்,
வெளிச்சம் அங்கேதானே இருக்கு.
புரியவில்லை. எழுதிக்கொண்டேன்.
இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.
பெயரின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி விழுந்தது.

இன்று நேர்வழியில் திரும்பினேன்.
விளக்குக் கம்பம் மூன்று. மூன்றும் குருடு.
வலைக் கொட்டகைக்குப் பின்னால்
முதலில் ஓர் உறுமல், பிறகு ஐந்தோ ஆறோ.
சக்கரத்தைக் கேடயமாக முன்னே நீட்டி
அடிமேல் அடியாகப் பின்வாங்கினேன்.
எண்காட்டி பின்னோக்கி ஓடியது.

மேலே ரொட்டிக்கடைச் சன்னல்.
அதன் மஞ்சள், சேற்றில் பாய் விரித்தாற்போல்.
ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள்
இருவர் மூவராக அதை மிதித்துப் போகிறார்கள்.
எல்லோர் கையிலும் ரொட்டிப் பை.
பசிக்கா, இல்லை
அந்த வெளிச்சத்துக்கு வாடகையா?

அதே படியில் என் காலும் வழுக்கியது.
கம்பியைப் பற்றிக்கொண்டேன்.
நான் விழுந்திருந்தால் கேள்வியே இல்லை:
பணிநேரம், பணியிடம், கையில் பணிக்கருவி.
அதே பாசிதான்.

காரில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.
விலகிய காரணத்துக்கு ஒரு வரி இடம்.
ரொட்டி என்று எழுதினால் வரி மிஞ்சும்.
நாய்கள், கம்பங்கள், ஜூலை என்று எழுதப் போனால்
ஓரத்தில் ஏறி, மடங்கி, பின்பக்கம் போகவேண்டும்.
பின்பக்கத்தைத் தலைமையகத்தில்
யாரும் ஸ்கேன் செய்வதில்லை.

ஆகவே நேர்வழி என்ற கட்டத்தில்
1140-ஐ அடித்துவிட்டு
1202 என்று எழுதினேன்.
அடித்தல் திருத்தலுக்கு அருகே
சுருக்கொப்பம் வேண்டும். வைத்தேன்.
பக்கத்து இருக்கையில்
அரைக்கிலோ ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது,
ரசீதோடு.