ஒன்று, இரண்டு

டின் ஃபேக்டரியிலிருந்து சில்க் போர்டு வரை
தங்கையின் காரில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.
கிளட்சை மிதித்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை.
மாரத்தஹள்ளிப் பாலத்தருகே கணக்கு தவறியது;
பத்து கூடலாம், குறையாது.

அன்றிரவு முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு
இடது காலுக்கு வாக்குக் கொடுத்தேன்:
வாங்கினால் ஆட்டோமேட்டிக்.
நீ சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்.

கையில் மூன்று லட்சத்து இருபதாயிரம்.
அந்தப் பணத்துக்கு இந்த ஊரில்
காலுக்கு ஓய்வு கிடைக்கும்,
வண்டிக்குத்தான் வயதாகியிருக்கும்.

ஃபிரேசர் டவுனில் பொன்னப்பாவின் வீடு.
பதின்மூன்று வருட சாம்பல் நிறக் கார்.
டேஷ்போர்டில் இக்குத்தப்பா படம், காய்ந்த சம்பங்கி.
"ஒரே கை ஓட்டியது" என்றார்.
கையைப் பற்றி யார் கேட்டார்கள்?

சிவாஜிநகர் நயாஸைக் கூட்டிப் போயிருந்தேன்,
ஐந்நூறு ரூபாய், ஆட்டோ சார்ஜ் தனி.
பானெட்டைத் திறந்தவன் இஞ்சினைப் பார்க்கவில்லை.
ஓரத்திலிருந்து ஒரு குச்சியை உருவி
வெள்ளைத் துணியில் துடைத்து
மோந்துவிட்டு என்னிடம் நீட்டினான்.
சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய்
மூன்றாம் டிகாக்‌ஷனாட்டம் இருந்தது;
கருகிய பாகு வாடை.

"இதை எப்ப மாத்தினீங்க சார்?"
"மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் வரும்
என்று ஷோரூமில் சொன்னார்கள்."
"யார் ஆயுளுக்கு?" என்றான் நயாஸ்,
மரியாதையாகத்தான்.

ஏசியை நிறுத்தச் சொன்னான். ரேடியோவை. எங்களையும்.
பிரேக்கில் கால், ஆரிலிருந்து டிக்கு மாற்றினான்.

ஒன்று.
இரண்டு.

அப்புறம்தான் ஒரு சின்ன உதையோடு
வண்டி ஒப்புக்கொண்டது.

வெளியே வந்து பீடி பற்றவைத்தான்.
"மேனுவல் சாகிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே
பொலம்ப ஆரம்பிச்சிடும் மேடம்.
கிளட்ச் வழுக்கும், ரெண்டாவது கியர் கொறிக்கும்.
பன்னெண்டாயிரத்துல சரிபண்ணிடலாம்.
ஆட்டோமேட்டிக் மோசமில்ல, பாத்துக்கிட்டா இருவது வருஷம் ஓடும்.
இது பாத்துக்காதது.
கடைசி நாள் வரைக்கும் ஒண்ணும் சொல்லாது.
சொல்றன்னிக்கு ஒண்ணரை லட்சம்."

பொன்னப்பா நாற்பதாயிரம் குறைப்பதாகச் சொல்லி
சொந்தத் தோட்டத்துக் காபி கொடுத்தார்.
காபி நன்றாகவே இருந்தது.
எனக்கு அந்த ஒன்று, இரண்டைத் தெரியும்.
விடிகாலையில் கட்டில் விளிம்பில்
எழுந்திரு என்று காலுக்குச் சொல்லிவிட்டு
நான் காத்திருக்கிற நேரம் அது.
என்னை யாரும் குச்சி விட்டுப் பார்ப்பதில்லை,
நாற்பதாயிரம் குறைப்பதும் இல்லை.

கம்மனஹள்ளியில், கொச்சிக்குத் திரும்பும் நர்ஸ் ஜெஸ்ஸியிடம்
வெள்ளை மேனுவல் ஒன்று வாங்கினேன்.
கியர் குமிழில் எண்கள் அழிந்திருந்தன.
புது கிளட்ச் பிளேட் நயாஸ் போட்டது.
"டப்பாவ நான் பாத்துக்கிறேன்,
முட்டிய நீங்க பாத்துக்கங்க."

வாக்குத் தவறியவளோடு
இடது கால் சிக்னலுக்குச் சிக்னல் சண்டை போடுகிறது.
போடட்டும்.
ஹெப்பாள் மேம்பாலத்து ஏற்றத்தில்
பின்னால் ஒரு பிஎம்டிசி பஸ் மூச்சு விட,
அரை கிளட்சில் வண்டியை ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல்
பிடித்து நின்றதும் அதே கால்தான்.

நேற்று டின் ஃபேக்டரியில் மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தேழில் மழை பிடித்துக்கொண்டது.
வைப்பர் வேலை செய்யவில்லை.
அதை யாரும் பார்க்கவே இல்லை.