மூன்று சாவி

எனக்குப் பெயர் வைக்க ஏழு கூட்டம் நடந்ததாம்.
பதினான்கு குடும்பம், ஒரே அடுப்பு,
ஒருவர் கை தூக்காவிட்டாலும் முடிவில்லை.
நாற்பத்திரண்டு நாள் பெயரில்லாமல் கிடந்தேன்.
கடைசியில் அந்த வருஷம் நன்றாக விளைந்ததையே வைத்தார்கள்.
சாமை.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில்
பாதுகாவலருக்கு விட்டிருந்தது ஒரே ஒரு கோடு.
அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள்.
அவர் அடுத்தவரிடம்.
ஓரத்தில் ஏறி, பின்பக்கம் இறங்கி
இருபத்தாறு கையெழுத்து.
வார்டன் லிஸி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"காய்ச்சல் வந்தா இதுல யாரைக் கூப்பிட?"
நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலந்தாவளம் செக்போஸ்டுக்குத் தெற்கே
பனைகளுக்கு நடுவில் பள்ளி.
ஆடியில் கணவாய்க் காற்று
ஓடுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கும்.
மைதானத்தில் மேற்கு கோல்கம்பத்தருகே நின்றால்
கேரளம் வரவேற்பதாகக் கைபேசி சொல்லும்,
பந்தோடு கிழக்கே ஓடி வந்தால் தமிழ்நாடு.
லாரிகள் மட்டும் எந்தப் பக்கம் போவதற்கும்
வரிசையில் நிற்கும்.

இங்கே என்னைப் போல முப்பது பேர்.
பணத்தைத் தொடாத பண்ணையிலிருந்து வந்த ஜினேஷ்
முதல் பத்து ரூபாயை முகர்ந்து பார்த்தான்.
கண்ணாடி மாட்டாத ஆசிரமத்து இரட்டையர்
இன்னமும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான்
வகிடெடுக்கிறார்கள்.
என் பக்கத்துக் கட்டில் தூறலுக்கு.
அவள் ஊரில் மதியம் வரை யாரும் பேசுவதில்லை.
இங்கே பேசலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம்.
அவளுக்கு வரவில்லை.
காலையில் கணக்கு சார் எதைக் கேட்டாலும்
விரல்களால் விடை காட்டுவாள். தசமப் புள்ளிக்கு
ஒரு கண் சிமிட்டல்.

எனக்கென்று ஒரு தகரப் பெட்டி.
திறந்தால் உள்ளே நான் மட்டும்.

வீட்டில் துவைத்த துணி ஒரே கூடையில் வரும்,
கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடுவோம்.
ஒன்பது வயதில் நான் போட்ட மஞ்சள் சட்டை
இப்போது யார் மேலோ இருக்கும்.
அதை என் சட்டை என்று நான் சொன்னதில்லை.
சொல்லக்கூடாது என்றும்
யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் மாதம் தூறல் என் சீப்பை எடுத்தாள்.
பச்சைச் சீப்பு, ஒரு பல் போனது.
கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் கேட்க மாட்டோம்.
அவள் தலையில் அது பாதி இறங்கியபோது
என் வாயிலிருந்து வந்தது,
"அது என்னோடது."

அறை மொத்தமும் திரும்பியது.
மணி எட்டரை. பதில் சொல்ல அவளுக்கு
இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.
சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்,
சுற்றிய முடி ஒன்றோடு.

நான் குளியலறைக்குப் போய்த் தாழிட்டு
அந்தச் சொல்லை மெதுவாக
மறுபடி சொல்லிப் பார்த்தேன்.
புளியம்பிஞ்சைக் கடித்தது போல் இருந்தது.
பல் கூசியது.
இன்னொரு தரம் சொன்னேன்.

சனிக்கிழமை கடைத்தெருவில் பூட்டு வாங்கினேன்.
கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்லி
தமிழில் சில்லறை எண்ணினார்.
"சாவி மூணு இருக்கு, பத்திரம்."

ஞாயிறு மாலை வீட்டிலிருந்து அழைப்பு.
எப்போதும்போல் சமையலறை நடுவில்
ஸ்பீக்கரில் போட்டு, சுற்றிலும் எல்லோரும்.
யாரோ வெங்காயம் நறுக்கும் சத்தம்கூடக் கேட்டது.
சாப்பாடு சொன்னேன், மழை சொன்னேன்,
இரட்டையர் வகிட்டைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.
பூட்டைச் சொல்லவில்லை.
இருபத்தாறு பேருக்கும் தெரியாத ஒன்று
முதல்முறையாக என் இடுப்புக் கயிற்றில்
ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்,
புத்தி அவ்வளவுதான்.
மிச்சமிருந்ததைத் தூறலிடம் கொடுத்தேன்.
மதியம் தாண்டியிருந்தது.
"எனக்கெதுக்கு?" என்றாள்.
"சும்மா."
வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை
அவளும் ஒரு பூட்டு வாங்கினாள்.
எனக்குச் சாவி தரவில்லை.