முந்நூற்று அறுபது என்றால் பூஜ்யம்

நூற்றுப்பத்து மில்லிமீட்டர் சாக்கடைக் குழாய்.
நகராட்சிக் கிடங்கின் பின்புறம்
பனிக்கடியிலிருந்து நான் உருவியெடுத்த துண்டு.
வட்டம் என்று நம்பித்தான் சக்கில் பூட்டினேன்.
சுற்றிவிட்டதும் அளவுமுள் ஆடிக் காட்டியது:
ஒரு பக்கம் அரை மில்லி வீக்கம்.
எந்தக் குழாயும் முழு வட்டமில்லை.
இது எனக்கு விளங்குவதற்குள்
மூன்று குழாய்கள் ஓட்டையாகிவிட்டன.
இப்போதெல்லாம் முதலில் ஒரு சுற்றுத் தோல் சீவிவிட்டுத்தான்
படத்தையே திறக்கிறேன்.

டிசம்பர். கெமியில் பகல்
மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது.

சினிக்கா கொண்டுவந்த படம்:
தூண்டில் சங்கத்தின் போட்டி நாள்,
உறைந்த கடல்மேல் பதினோரு பேர், ஒரே வரிசை.
இடது கோடியில் தைஸ்தோ.
வலது கோடியில் அவன் தம்பி ஔலிஸ்.
நடுவில் ஒன்பது ஆட்களும் ஒரு நாயும்,
வேலி மாதிரி.
ஒரு படகு மோட்டார் விஷயத்தில்
பேச்சு நின்று பதினேழு வருடம்.
படம் பிடித்தவன்தான் பாவம்.
இரண்டு கோடியும் சட்டத்துக்குள் வர
பின்னால் பின்னால் நகர்ந்து
தான் போட்ட துளைக்குள்ளேயே ஒரு காலை விட்டானாம்.

எந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
கறுப்பென்றால் தொடாதே, வெள்ளையென்றால் தோண்டு.
ஆகவே, படத்தில்
ஒவ்வொருவர் காலடியிலும் கறுத்துக் கிடக்கும் பனித்துளை
குழாயில் மிகத் தடித்த இடம்;
ஏறி நிற்கலாம்.
அவர்கள் நிஜமாய் நின்ற வெண்பனியோ
முட்டை ஓட்டின் உள்தோல்,
நகம் பட்டால் போச்சு.
நாயின் வெள்ளை நெஞ்சில்
போன தடவை வெட்டுமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது.
இந்தத் தடவை நாயைக் கொஞ்சம் அழுக்காக்கினேன்.

பதினோரு மணிநேரம்.
வேகம் கூட்டினால் பிளாஸ்டிக் இளகி முனையில் பாகு கட்டும்.
குறைத்தால் விடிந்துவிடும் என்பார்கள் வேறு ஊரில்.
சீவல்கள் மின்னேறிப் பறந்து
கம்பளிச் சட்டையில், புருவத்தில், காப்பிக் கோப்பையில் ஒட்டின.
கேரேஜுக்கு வெளியே ஒரு பனி, உள்ளே ஒரு பனி.
உள்ளே பெய்தது உருகவில்லை,
துடைப்பத்துக்கும் அடங்கவில்லை.

கழற்றிக் கையில் பிடித்தால் முகமென்று எதுவுமில்லை.
அம்மைத் தழும்பு.
அலை வருடிப்போன மணல்.
விரலால் தடவினேன்: மூக்கெல்லாம் பள்ளம்,
தொப்பி நிழலெல்லாம் மேடு.

பிர்ச் மரத்தில் அடிப்பலகை கடைந்து
சூடேறாத சின்ன பல்பாகப் பார்த்து உள்ளே நிறுத்தி
சுவிட்சைத் தட்டினேன்.

வந்தார்கள்.
கன்னத்துக் குளிரோடு, மூக்கிலிருந்து புகைந்த மூச்சோடு,
நாய் உட்பட.
குழாயைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.
திரையில் தட்டையாய்க் கிடந்தவரை
என் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது:
வரிசைக்குக் கோடி என்று ஒன்று இல்லை.
ஔலிஸின் இடது தோளும் தைஸ்தோவின் வலது தோளும்
ஒரு மயிரிழைத் தையலில்
உரசிக்கொண்டு நின்றன.

நான் திட்டமிடவில்லை. சத்தியமாக.
சுழல் அச்சுக்கு முந்நூற்று அறுபது என்றால் பூஜ்யம்.
மோட்டார் யார் காசு என்று அதற்குத் தெரியாது.

சங்கக் குடிலில் அடுப்புக்குத் தள்ளி
மேசைமேல் வைத்தார்கள்.
முதல் சனிக்கிழமை யாரும் வாய் திறக்கவில்லை என்றாள் சினிக்கா.
மறுவாரம் போனால், தையல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.
அதற்கடுத்த வாரம் மேசைப் பக்கம்.
பிறகு சுவர்.
இரண்டு வாரம் சுவர்.
பிறகு மேசை.
யாரென்று தெரியாது,
குடிலின் சாவி எல்லோரிடமும் இருக்கிறது.

"திருப்பித் திருப்பி மேசையில் கீறல் விழுகிறது,
பசை போட்டு ஒட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று வாங்கிவந்து
அடியில் ஒரு பேரிங் பொருத்திக் கொடுத்தேன்.
இப்போது ஒரு விரல் போதும்.
சத்தமும் வராது.