ஒந்து கம்மி

கடிபட்ட இடத்தைப் பேருந்தில்
துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.
வீட்டில் நாய் என்று சொல்லித் தொலைத்ததில்
ஊசி போட்டாயா என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஹெண்ணூர் சிகிச்சை இல்லம். இரவுப் பணி.
கரண்டிகளை எண்ணி, ஷூ லேஸ்களைப் பூட்டி வைத்துவிட்டு
கால்மணிக்கொரு தரம்
டார்ச்சை முகத்தில் படாமல் காலடியில் அடித்து
போர்வை ஏறி இறங்கினால்
'தூங்குகிறான்' என எழுத வேண்டும்.

இரண்டேகாலுக்கு லிகித் எழுந்து உட்கார்ந்திருந்தான்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"கை தோர்ஸு அக்கா."
காட்டினேன்.
தொடாமல் விரலை நகர்த்தி எண்ணினான்.
மேலே நாலு, கீழே ஐந்து.
"ஒந்து கம்மி."
மேலுதட்டைத் தூக்கி இடைவெளியைக் காட்டினான்.
"அப்பா," என்றான்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்குப் படுத்திருந்தான்,
எப்போதும்போல் சுவரைப் பார்த்தல்ல.