வெற்று எடை

நிறை லாரி உள்ளே வரும்போது ஒரு தடவை,
காலி லாரி வெளியே போகும்போது ஒரு தடவை.
கழித்தால் செம்பனைக் குலை.
ஆலைத் தராசடியில் பதினேழு வருஷமாய்
எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

பகாவ் பாலாய் ராயாவில்
பிங்பாங் மேசைகளை ஓரம் தள்ளி
தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள்.
பல்கலைக்கழகத்துப் பையன் யுகேந்திரன்
கனத்த கண்ணாடியை என் தலையில் மாட்டினான்.
கொண்டையில் சிக்கியது.
"போக முடியுற வரைக்கும் கிட்டப் போங்கக்கா.
நிக்கணும்னா நில்லுங்க."

ஒரு நடைக்கூடம். கோடியில் கம்பம்,
கம்பத்தில் பலகைப் பெட்டி,
பெட்டியின் ஓட்டையில்
அளவுக்கு மேல் பவுடர் அப்பிய அந்த முகம்.

எலி பிடிக்கக் கம்பெனி வைத்த ஆந்தை.
அதுவும் கம்பெனி ஆள்தான், என்னைப் போல.
இரவு ஷிஃப்ட்.

மூன்று மீட்டர் அறுபத்திரண்டு.
அங்கேயே நின்றுவிட்டேன்.

மடிக்கணினியில் என் நடை ஒரு சிவப்புக் கோடு:
பாதி தூரம் நேராக,
பிறகு இடப்பக்கம் ஒதுங்கி, சுவரை உரசி.
"இந்தப் பச்சைக் கோடு முதல்ல நடந்தது.
பெட்டியே இல்லாத கூடம்."
அதுவும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

காலி லாரியிலும் சரக்கு.
சீட்டில் என்ன எழுதுவது?

ஆலைக்கு எந்த வழியாய் வருவேன் என்று கேட்டான்.
பதினாலாம் பிளாக்கைச் சுற்றி, ஓடை ஓரமாய்.
ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல்.
ஒன்பது வருஷ பெட்ரோலை
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
தொகையை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள், லாரி ஓட்டும் சுத்ரிஸ்னோவிடம்
வாய்விட்டேன்.
எடைச்சீட்டை மடித்துக்கொண்டே சொன்னான்:
அந்தக் கம்பம் மறுநடவில் போய்விட்டதாம்.
மூன்று வருஷமாம்.

ஆறு வருஷம் ஆந்தைக்கு.
மிச்சம் மூன்று யார் கணக்கில்?

ஐந்தரைக்கு மோட்டாரை எடுத்தேன்.
முச்சந்தியில் கால் ஊன்றினேன்.
நேர் வழியில் ஆள் உயரக் கன்றுகள்,
அதற்கு மேல் எதுவுமில்லை.
இல்லாத ஒன்றுக்கு
எத்தனை மீட்டர் முன்னால் நிற்பது?

எஞ்சினை அணைக்காமல் இறங்கி நடந்தேன்.
இருபத்தெட்டு எட்டு.
திரும்பி வந்து
ஓடை வழியாகவே வீட்டுக்குப் போனேன்.

சீட்டுக் கட்டின் பின்பக்கம்
இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன்,
நாளைக்குக் கழித்துப் பார்க்க.