வரத்து

அப்பா நீடாமங்கலத்தில் லஸ்கர்,
மூணாறு தலைப்பில் ஷட்டர் திருகுகிறவர்.
நான் திருவாரூர் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி.

வரத்து நின்றால்
எதை முதலில் அடைப்பது என்று
என் உடம்புக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
அதுவே அடைத்தது.
மாதாமாதம் வரும் தூரம்.
அப்புறம் விரல் நுனிச் சூடு.
முதுகில் பூனைமுடி முளைத்தது.
நாடி பட்டப்பகலில் தூங்கியது.

டாக்டர் ஹபீபுன்னிசா
அரைக் கிண்ணம் கஞ்சி எழுதினார்.
அம்மா சண்டைக்குப் போனாள்:
"எலும்பாக் கெடக்கா, இவ்ளோதானா?"
பாஸ்பரஸ் இறங்கிவிடும், என்றார்,
ஒரேயடியாகக் கொடுத்தால் இதயம் தாங்காது.
அப்பா மட்டும் தலையாட்டினார்.
வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்கு
அவர் ஒருநாளும் முழு ஷட்டர் தூக்கியதில்லை.

ஐந்தாவது வாரம்
சோறு, நெத்திலி, மறுபடி சோறு.
எடை நகரவில்லை.
மார்கழி ராத்திரியில் வியர்த்து எழுந்தேன்,
போர்வை தொப்பலாக.
எல்லாம் எங்கே போகிறது?
"சூடாப் போகுது. உள்ளே ரிப்பேர் வேலை."

அப்பாவுக்குப் போன் போட்டேன்.
"மொதத் தண்ணிய மண்ணே குடிச்சிரும்மா.
கடைமடைக்கு லேட்டாத்தான் வரும்."
பின்னால் ஷட்டர் இரைச்சல்.
"சாப்ட்டியா?"

இரண்டு வருஷமாக
அந்தக் கேள்விக்குப் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.
சாப்ட்டேன், என்றேன்,
இன்னும் பசிக்குது.