அடிக்குறிப்பு

ரிச்சி தெருவில் மழை விட்டுப் பத்து நிமிடம்.
தார்ப்பாய் விளிம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"என் போர்டுக்கு இது பொருந்துமா?" என்றேன்.
ரியாசுதீன் விரல்நுனியில் ஏந்திக் காட்டினான்:
சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் துண்டு,
ஒரு டெராபைட்டாம்.
"கச்சிதமா உக்காரும்க்கா."

உட்கார்ந்தது.
அவன் சொன்னதில் பொய்யே இல்லை.

அயனாவரம், மாடி அறை.
மதர்போர்டைப் பாயில் கிடத்தி
சாய்த்துச் செருகி, மெல்ல அமுக்கி,
எறும்புத் தலை அளவுத் திருகாணி
இரண்டு முறை நழுவிக் கோரைக்குள் ஒளிந்து
காந்த முனையில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்து
முடுக்கினேன்.
விசிறி சுழன்றது. திரை விழித்தது.
பட்டியலில் அது இல்லை.

கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன்.
தூசியே இல்லாத இடத்தில் ஊதினேன்.
பட்டையில் இரண்டு வெட்டு, துளையில் ஒரு பல்.
அதனால் நுழைந்துவிட்டது.
நுழைந்தால் பேசும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம்,
கடுகு கடுகாய் எழுத்து:
மேல் துளை என்விஎம்இ மட்டும்.
கீழ்த் துளை சாட்டாவும் ஏற்கும்.
நான் வாங்கியது சாட்டா,
அறுநூறு ரூபாய் குறைகிறதே என்று.
வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக்குறி இருந்தது.
பார்த்தேன். படிக்கவில்லை.

கீழே மாற்றினேன். வந்துவிட்டது,
பெயர், எண், கொள்ளளவு, சகலமும்.
டீ போட்டு எடுத்துக்கொண்டு
வந்து பார்த்தால்
பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்.

நான்கு டெராபைட். பதினேழு கல்யாணம்.
பதினாறு கொடுத்தாயிற்று.
பாக்கி வராததால் நின்றுபோனது
அபரஞ்சியுடையது மட்டும்.
வடபழனி மண்டபம், போன ஆவணி, இரண்டு கேமரா.
சென்ற வாரம் பணத்தை முழுசாய் அனுப்பிவிட்டு அழைத்தாள்:
"ஆல்பம் வேணாங்க்கா.
அவர் இல்லாத இடமா வெட்டிக் குடுங்க.
எவ்ளோ தேறுதோ, அவ்ளோ போதும்."

பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று
அவள் சித்தி கேமராவைப் பார்த்துச் சொன்னது
தெளிவாய்ப் பதிந்திருக்கிறது.
மீதி இரண்டு எவை என்று
யாரும் கேட்டதாகப் பதிவு இல்லை.
நானும்தான் பக்கத்தில் நின்றேன்,
குவியம் சரியா என்பதே என் கவலை.

மறுபடி நாற்பத்தொன்று.
நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தின் அடிக்கு இறங்கினேன்:
"கீழ்த் துளை நிரம்பினால்
ஐந்தாம், ஆறாம் போர்ட்டுகள் இயங்கா."
அவ்வளவுதான். இயங்கா.
இருவருக்கும் ஒரே பாதையாம்.
ஒருவர் குடியேறினால் மற்றவர்
சத்தமில்லாமல் நின்றுவிட வேண்டுமாம்.
பிழைச்செய்தி கிடையாது, பீப் ஒலி கிடையாது.

ஐந்தில் இருந்த வயரைப் பிடுங்கி
இரண்டில் செருகினேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
பழையது சுழன்று எழுந்தது.
ஐந்தின் மேலும் ஆறின் மேலும் டேப் ஒட்டி
பேனாவால் எழுதினேன்: இங்கே மாட்டாதே.
எனக்கேதான், இன்னும் ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

டீ ஆடை படிந்து ஆறிவிட்டது.
இரவு ஒன்றரைக்கு வெட்ட உட்கார்ந்தேன்.

இரண்டு கேமரா, ஒன்பது மணி நேரம்,
பதினான்கு நிமிடம் தேறுகிறது.
பெரும்பாலும் விடியற்காலை நாலரை.
ஈர முடியை டேபிள் ஃபேன் முன்னால் விரித்து
அபரஞ்சி தனியாய் உட்கார்ந்திருக்கிறாள்.
மடியில் வாழை இலைத் துண்டு.
ஓர் இட்லியை இரண்டாய்ப் பிட்டு
யாருக்கோ நீட்டுவதுபோல் ஒரு கையை உயர்த்தி,
பிறகு
இரண்டையும் அவளே தின்கிறாள்.